சத்தம் வராத சுவர்

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. ஆனாலும் ஏழுமலைக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

“இன்னாத்துக்குண்ணா அழுவுறே? உம் பொண்ணு கெட்டிக்காரி. சத்தமே காணோம், பாரு!” என்றாள் பக்கத்தில் இருந்த கீழ்பென்னாத்தூர்க்காரி.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே போனார்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். “அப்பா! அப்பா!” என்ற அலறல் கூடத்தையே உலுக்கியது.

“காலைலேருந்து உங்களத்தான் கூப்புடுது, பெரியவரே. இன்னும் நேரமாவும்.”

“ஒரு தபா பாத்துட்டு வந்துடறேம்மா.”

“ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதுங்க.”

கதவு மூடியது. அலறல் அறுந்தது.

ஏழுமலை சுவரில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே காத்திருக்கும் ஜனங்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று, போன மாதம் அந்தச் சுவருக்குள் சந்து விடாமல் சணல் நாரைத் திணித்து அடைத்த கூலியாள் அவர்தான்.