மாடிக்கு மேலே இரண்டு பேர்

கணவன் மொட்டைமாடிக்கு ஏறியபோது, மனைவி ரிமோட்டும் கையுமாக அண்ணாந்து நின்றாள். உயர்ந்த கட்டடங்களில் மோதிய காற்று, தூக்கத்தில் புரள்வதுபோல் மேலே சுழித்துக்கொண்டிருந்தது. அந்தி வெளிச்சத்தில் இரண்டு கரிய உருவங்கள். ஒன்று காற்றிலேயே படுத்து மிதந்தது, மற்றது தள்ளாடியது.

“கண்ணு முழிச்சு நீ செஞ்ச றெக்கை ட்ரோன் இப்படி அல்லாடுதே! அந்தப் பருந்தைப் பாரு, அசையக்கூட இல்ல. விழுந்து நொறுங்கறதுக்குள்ள கீழ இறக்கிடு” என்றான்.

அவள் ரிமோட்டை அழுத்தினாள். மிதந்துகொண்டிருந்தது சத்தமில்லாமல் இறங்கி, அவள் கையில் வந்து உட்கார்ந்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்ப, அங்க தள்ளாடுறது?”

“பருந்துக் குஞ்சு. ஒரு வாரமா இதைப் பார்த்துத்தான் பறக்கப் பழகுது.”

மேலே தனியாகிப்போன குஞ்சு, கத்திக்கொண்டே வட்டமடித்தது.

“ஐயோ, அம்மாவைத் தேடுது! சீக்கிரம் மேல அனுப்பு!” என்றான் அவன்.