ஒரு பல் தள்ளி

பட்டறையில் மெக்கானிக், பெரியவர், அவருடைய மகள், மருமகன் ஆகிய நால்வரும் இருந்தனர். மகள் பிறந்த வீட்டுக்கு ஓட்டிவந்த பழைய கார், மூன்றாம் முறையாக பானெட் திறந்து கிடந்தது.

"இன்ஜின் டைமிங் செயின் மறுபடியும் கேம்ஷாஃப்ட் சக்கரத்துல ஒரு பல் தள்ளியிருக்கு, வண்டி ஓடாது. நீங்களே மார்க்கைப் பாருங்க," என்றார் மெக்கானிக்.

மருமகன் குனிந்து பார்த்தான். உண்மைதான். பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பத்து நாளா இதே பாட்டு!" என்று மனைவியிடம் சீறினான். "வந்தா காரோட வா. இல்லேன்னா என் வாசல்ல கால் வைக்காதே."

அவன் போனதும் மகள் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். கழுத்தில் விரல் தடங்கள்.

"இன்னும் எத்தனை தடவைங்க ஐயா, நானே செயினைத் தள்ளி மாட்டறது?" என்றார் மெக்கானிக்.

யாரிடமும் கெஞ்சியறியாத பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை, தம்பி."

மகள் புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று தெருவில் பேச்சு. சுத்தப் பொய். கார் ரிப்பேர்.