யானைக்குட்டி உறை

"சிக்னல் எத்தனை கோடு?" என்று செந்தில்வேல் மறுபடியும் கேட்டான்.

கூடத்தில் நாற்காலி மேல் ஏறி, இண்டர்நெட் மோடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி சித்ராதேவி உள்ளறைக் கட்டிலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஒன்று என்றாள்.

பக்கத்தில் மாமியார் மருதம்மாள் நின்று திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, கோடு எண்ணத் தெரியும். மருமகள் மாற்றிச் சொல்ல வழியில்லை.

மதியச் சோறு தின்ற கையோடு ஆரம்பித்தது இது. ஞாயிற்றுக்கிழமை, கீழே பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்களுக்கு லீவு. சும்மா உட்காரத் தெரியாத மனுஷன் தெரியாத வேலையைக் கையில் எடுத்தால் வீடு என்ன பாடுபடும்? மோடம் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது, டிவி மேல் ஏறியது, முருகன் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அருள் வாங்கியது. டெலிபோன் ஒயர் எல்லோர் காலையும் வாரிவிட்டது. எங்கே வைத்தாலும் வீட்டுக்குள் ஒரு கோடுதான்.

இடம் மாற்றும்போதெல்லாம் உறை விலகினால் மறக்காமல் இழுத்து மாட்டினான். திருப்பூரில் பஞ்சு நுழையாத இடம் கிடையாது. அந்த வீட்டில் டிவி, மிக்ஸி, போன் எல்லாமே எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணியில் சட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கும். மோடத்துக்கும் சித்ராதேவிதான் தைத்திருந்தாள். குழந்தைகள் பனியனுக்கு வந்த மஞ்சள் துணி, அதில் நீல யானைக்குட்டிகள். முன்பக்கம் மட்டும், மினுங்குகிற விளக்குகள் தெரிவதற்குத் திறந்திருக்கும்.

வழக்கமாக மோடம் மாடிப்படி ஜன்னலில் படியைப் பார்த்தபடி இருக்கும். அதனால் மொட்டைமாடியில் மூன்று கோடு கிடைக்கும். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் மெயில் போடுவது நமக்குச் சாயங்காலம். தினமும் ஆறு மணிக்கு சித்ராதேவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போவாள்.

அதுதான் மருதம்மாளுக்குப் பிடிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுப் பெண் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கூடவா வெள்ளைக்காரனுக்கு வேலை என்றும் கேட்டாள். நல்ல கேள்வி. அம்மாவை மறுத்துப் பேசாத மகன் இன்றைக்கு நாற்காலி மேல் நிற்கிறான்.

உள்ளே சிக்னல் வந்துவிட்டால் சித்ராதேவிக்கு மாடி போய்விடும்.

ஆறு மணி என்பது அவள் அப்பாவின் நேரம். மூலனூர் சந்தையில் முருங்கைக்காய் லோடு ஏற்றிவிட்டு அந்நேரம்தான் போன் போடுவார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார், வைத்துவிடுவார். சித்திரையில் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்து திரும்பிய அன்று, ஆறு மணிக்கு, அடுப்பு முன்னால் நின்று அழுதாள். மருதம்மாள் ஓடிவந்து முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"வெளக்கு வெச்ச ஊட்டுல அழுகக்கூடாது கண்ணு."

பாசமாகத்தான் சொன்னாள். அதனால்தான் கஷ்டமாகப் போயிற்று. திட்டியிருந்தால் எதிர்த்துக்கொண்டு அழுதிருக்கலாம்.

அதற்கப்புறம் மாடிதான். மெயிலுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். மிச்ச நேரமெல்லாம் அப்பாவுக்கு. டேங்க் பைப்பில் முகம் கழுவிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. மருதம்மாள் கால் கழுவி விளக்கேற்றப் போனாள். சித்ராதேவிக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

வாங்கின புதிதில் அடுப்படி வரைக்கும் வந்ததே என்று கூடத்தில் செந்தில்வேல் தனக்குத்தானே புலம்பினான். சித்திரைக்கு அப்புறம்தான் இப்படி ஆயிற்று என்றான். மோடம் சூடாக இருக்கிறது, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் பார்க்கலாம் என்றான்.

உறையைக் கழற்ற வேண்டாம், பஞ்சு உள்ளே போய்விடும் என்று உள்ளறையிலிருந்து கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

அதற்குள் அவன் உறையை உருவிவிட்டிருந்தான். திரையில் இரண்டாவது கோடு எழுந்தது. மூன்று. நான்கு.

எத்தனை என்று கேட்டான். உறையைக் கையில் பிடித்தபடியே அவன் உள்ளே வந்து திரையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. அப்புறம் கையிலிருந்த உறை சரசரத்தது.

பனியன் துணி சரசரக்காது. பனியன் துணியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா?

உறையை உள்பக்கமாகத் திருப்பினான். தினமும் அவனுக்குச் சப்பாத்தி சுற்றிக் கொடுக்கிற அலுமினியத் தாள். இரண்டு மடிப்பாக, ஓரம் பிசகாமல், பொடித் தையலில் உள்ளே வைத்துத் தைத்திருந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"சித்திரை" என்று மெதுவாக, கணக்கு கூடி வந்தவனைப் போலச் சொன்னான் அவன்.

பூஜையறையில் மணி அடித்தது. அங்கிருந்தே மருதம்மாள், சிக்னல் வந்ததா என்று விசாரித்தாள்.

செந்தில்வேல் உறையைப் பழையபடி திருப்பினான். படி ஜன்னலுக்குப் போய் மோடத்தை வைத்து, யானைக்குட்டிகள் நேராக நிற்கும்படி அதை மாட்டிவிட்டான்.

"இந்த ஊட்டுக்குள்ள சிக்னல் நிக்காதுங்கம்மா. மேலதான் போகோணும்."

பிறகு உள்ளறை வாசலில் வந்து நின்றான். திரையில் ஒரு கோடுதான் இருந்தது.

"இன்னைக்கு மெயில் நெறைய வந்திருக்கும் சித்ரா. மெதுவா வா."