ஆபத்தான புத்தகம்

"என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க, சார்ஜன்ட்!"

லவுட்டோகா சாலையிலிருந்த ராணுவச் சாவடிக்குத் தானாக நடந்து வந்து இப்படிக் கேட்ட முதல் ஆள் சதேந்திராதான். சார்ஜன்ட் இலியேசா யங்கோனா என்னும் வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டிருந்த கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி பண்ணுன?"

பக்கத்து ஊரான ட்ராசாவில் தமிழர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஃபிஜிப் பூர்வகுடிக்காரர் அவர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"கவிதை எழுதிட்டேன்."

"அடப் பாவமே!"

சதேந்திரா மெல்லிய புத்தகம் ஒன்றை நீட்டினான். ராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு அவன் மனைவி ஆஷாவும் மகளும் வான்கூவரில் இருக்கும் அவள் அண்ணனிடம் போய்விட்டார்கள். இவனுக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. 'ராணுவம் உங்களை என்ன செய்தது?' என்று கேட்டார் கனடா அதிகாரி. பாழாய்ப்போன ராணுவம் இவனை ஒன்றுமே செய்யவில்லை! ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்தால் போதும், அகதி என்று சொல்லிப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிடலாம்.

"படி, கேப்போம்."

சதேந்திரா தொண்டையைச் செருமினான்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள பார்லிமென்ட் கூடியிருக்கு. கதவைத் திறந்தா சபாநாயகர் கோச்சுக்கிறார். தளபதியோட தொப்பிக்குள்ள கோழி அடைகாக்குது. பொரிஞ்சு வந்ததெல்லாம் பூட்ஸு."

சார்ஜன்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தளபதின்னா, எங்க தளபதியா?"

"அம்மன் மேல சத்தியமா அவருதான்!"

"அப்ப ரொம்ப ஆபத்தான கவிதை."

சதேந்திரா ஆசையோடு இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினான். சார்ஜன்ட் அவற்றில் யங்கோனாக் கொட்டாங்கச்சியை வைத்தார்.

"கனடாக்காரங்க இதைப் பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

"உடனே விசாதான்!"

"ஓஹோ. அட்டையில உன் பேரைக் காணோமே?"

"உப்புக்காத்துன்னு புனைபேரு வச்சிருக்கேன், சார்ஜன்ட்."

"நல்ல பேரு. வேற யாரு படிச்சாங்க?"

"யாரு இருக்கா? தமிழ் படிக்கிறவங்க எல்லாரும் பிளேன் ஏறிட்டாங்க. என் பொண்டாட்டிக்கே தமிழ் படிக்கத் தெரியாது."

சார்ஜன்ட் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார்.

"கெரெகெரே, தம்பி."

ஃபிஜியில் ஒருவர் 'கெரெகெரே' என்று கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. கொடுத்த பிறகு அது கேட்டவருடைய சொத்து. சாட்சிக்குத்தான் கேட்கிறார் என்று சதேந்திரா சந்தோஷமாகக் கொடுத்தான்.

"வீட்டுக்குப் போ, ஜீப் வரும்" என்றார் சார்ஜன்ட்.

துணிமணிகளைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான். மாதங்கள்தான் போயின, ஜீப் வரவில்லை. ஒரு நாள் ஆஷாவிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, நேத்து இங்க தமிழ்க்காரங்க ஒருத்தருக்குப் பெரிய பாராட்டு விழா வச்சாங்க. தளபதியைக் கிண்டல் பண்ணிக் கவிதை எழுதிட்டுத் தப்பி வந்தவராம். யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம ஊரு சார்ஜன்ட் இலியேசா! பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து சேர்ந்துட்டாரு. உங்களை நல்லாத் தெரியுமாம், ரொம்ப விசாரிச்சாரு. ஒண்ணுதாங்க எனக்குப் புரியல. அவரோட அடுத்த புத்தகம் எப்போ வரும்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு!"