காஞ்சிபுரத்துக்குக் கட்டிய புளிசாதம்

"அப்படியே கொண்டுபோய்க் குப்பையில கொட்டுடா" என்று மகனிடம் சொன்னாள் சுசீலா.

ஸ்ரீநாத் எவர்சில்வர் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். திறந்த தூக்கிலிருந்து நல்லெண்ணெயும் வெந்தயமும் மணந்தன. காரின் பின் சீட்டில் சாய்ந்திருந்த ரோஷினிக்கு வாயில் எச்சில் ஊறியது.

அவளுக்கு நாலாவது மாதம். பொல்லாத மசக்கை. தண்ணீர் குடித்தாலும் குமட்டும். ஹோட்டல் வாசலைக் கடந்தாலே போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். சமையல்கார நாகவல்லி செய்யும் புளிசாதம்.

அதை நம்பித்தான் அம்பத்தூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு இரண்டு நாள் பயணமே கிளம்பியது. நாலாம் மாதத்தில் மருமகளைக் காமாட்சி சந்நிதியில் நிறுத்துவதாக சுசீலா வேண்டிக்கொண்டிருந்தாள். விருதுநகரில் ஸ்ரீநாத்தின் பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரே, அடுத்த மாதம் போகலாமே என்று ரோஷினி சொல்லிப் பார்த்தாள். அம்பாளுக்குச் சொன்னதைத் தள்ளிப்போடக் கூடாது என்று சுசீலா வாயை அடைத்துவிட்டாள்.

விடியற்காலையிலேயே நாகவல்லி வந்து சமைத்துக் கட்டிக் கொடுத்தாள். தலையில் ஈரம் சொட்டியது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ரோஷினி கேட்டதற்கு, தாளித்த மிளகாய் நெடி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூந்தமல்லி தாண்டுவதற்குள் இரண்டு தடவை காரை நிறுத்தி ரோஷினி வாந்தி எடுத்தாயிற்று. காஞ்சிபுரம் வந்ததும் ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தி, சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று தூக்கைத் திறந்தபோதுதான் வாட்ச்மேன் வேம்புலி ஸ்ரீநாத்துக்குப் போன் செய்தான். அவர்கள் காரை எடுத்த இடத்தில் மாடி வீட்டுக்காரர் வண்டியை விட்டுவிட்டாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாகவல்லியின் கொழுந்தன் நேற்று சாயங்காலம் லாரி அடித்துச் செத்துப்போனதையும் சேர்த்துச் சொன்னான்.

சுசீலா மகனின் போனைப் பிடுங்கி நாகவல்லியைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது.

"வீட்டுல சாவை வெச்சுக்கிட்டு எங்க அடுப்பைத் தொட்டியா நீ?"



"தப்புதாம்மா. பாடி மத்தியானம்தான் குடுப்பாங்கன்னு சொல்லிட்டாங்க. சின்னம்மா வெளிய ஒண்ணும் துன்னாதே, வவுத்துல புள்ளய வச்சிகினு பட்டினி கெடக்குமேன்னு வந்தேன். தலைக்கு ஊத்திக்கினுதாம்மா வந்தேன்."

"தீட்டை மறைச்சு, சாமிகிட்டப் போறவங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா? நாங்க எப்படிக் கோயிலுக்குள்ள கால் வைக்கிறது? இனிமே எங்க வாசப்படி மிதிக்காதே."

"ஆவட்டும்மா" என்றாள் நாகவல்லி. "சின்னம்மாவ மட்டும் துன்னச் சொல்லும்மா. காலைலேந்து வெறும் வயிறு."

சுசீலா போனை வைத்துவிட்டாள்.

ஆறு வயதில் தாயில்லாமல் போன அந்தக் கொழுந்தனைத் தான்தான் சோறூட்டி ஆளாக்கினேன் என்று நாகவல்லி எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் பிள்ளையைப் பிணவறையில் போட்டுவிட்டு வந்து எனக்குப் புளி கரைத்தாளா என்று நினைத்தாள் ரோஷினி. கை நீட்டி, கொடுங்கள், நான் சாப்பிடுகிறேன் என்றாள். சுசீலா முறைத்த முறைப்பில் ஸ்ரீநாத் தூக்கோடு குப்பைத்தொட்டியைப் பார்த்து நடந்தான். அம்மா கிழித்த கோட்டை அவன் என்றைக்குத் தாண்டியிருக்கிறான்?

லாட்ஜில் அறை எடுத்து மூன்று பேரும் தலைக்குக் குளித்தார்கள். துணியை மாற்றினார்கள். கடையில் இட்லி வாங்கி வந்தான் ஸ்ரீநாத். ரோஷினி ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். அதுவும் வெளியே வந்தது.

கோயில் வாசலில் அவளுக்குக் கண் இருட்டியது. வரிசையில் நிற்க முடியவில்லை. நாங்கள் முதலில் அர்ச்சனையை முடித்துவிட்டு வருகிறோம், நீ கொஞ்சம் காரில் உட்கார் என்று தன் கைப்பையை அவள் மடியில் வைத்துவிட்டு சுசீலா மகனோடு உள்ளே போனாள்.

நாகவல்லியிடம் இரண்டு வார்த்தை பேசாவிட்டால் இந்த உறுத்தல் தீராது என்று தோன்றியது ரோஷினிக்கு. அவள் போனில் சார்ஜ் இல்லை. மாமியாரின் போன் பைக்குள் கிடந்தது. சாமி பார்க்கப் போகும்போது போன் எதற்கு என்று சுசீலா காலையிலிருந்தே அதை அணைத்து வைத்திருந்தாள்.

ரோஷினி அதை உயிர்ப்பித்தாள். நாகவல்லியின் எண்ணைத் தேடுவதற்குள் திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. அனுப்பியவன் அருள், விருதுநகர் பெரியப்பாவின் மகன்.

'சித்தி, சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம். ஸ்ரீநாத்தாவது வரலாமில்ல?'

அவளுக்குப் புரியவில்லை. தொட்டுத் திறந்தாள். மேலே நேற்று இரவு அருள் அனுப்பியது இருந்தது.

'சித்தி, அப்பா போயிட்டாரு. ஸ்ரீநாத்துக்கு நீங்களே சொல்லிடுங்க.'

அதற்குக் கீழே சுசீலாவின் பதில். காலை நாலு ஐம்பது. நாகவல்லி வந்து அடுப்பைப் பற்றவைத்த நேரம்.

'அருள், நீ இன்னும் எனக்குச் சொல்லலைன்னே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நாங்க வீடு திரும்பினதும் போன் பண்ணிப் புதுசா சொல்லு. காதுல விழுந்தாத்தானே தீட்டு?'