அவனுக்காகக் கட்டிய பட்டை

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்தோணிராயனின் இதயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மணிக்கட்டுப் பட்டை தினமும் காலையில் அளந்து அலுவலகத்துக்கு அனுப்பும். மூன்று முறை சிவப்பு காட்டினால் வேலை போய்விடும். அதனால், இதயத்துக்கு நல்லதென்று, வீட்டுக்குக் கிடைக்கிற மாதுளை, நெல்லிக்காய், கீரை எல்லாவற்றையும் மனைவி செல்வராணி அவனுக்கே கொடுத்தாள். அப்படியும் இரண்டு முறை சிவப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனுடைய பட்டையை அவளே தன் கையில் கட்டிக்கொண்டாள். ஒரு மாதம் பச்சையாகவே வந்தது.

இன்று சிவப்பு வந்தது.

"கையத் தொடச்சிட்டு மறுபடி கட்டு," என்றான். மறுபடியும் சிவப்புதான்.

"ஐயோ, ஒங்க வேலை போயிருமே," என்று அழுதாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ராணி, இது ஒன் நெஞ்சுல்லா! நீ பழம் தின்னு எத்தன நாளாச்சு?"

"மூணு வருசம் இருக்கும்."

அலுவலகத்திலிருந்து போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

"பக்கத்து வீட்டு மரியானப் பட்டையக் கட்டச் சொல்லியிருக்கலாமோ?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் அவள்.