சகலையின் செம்மண்

சகலைகள் இருவரும் மலைப்பாதையில் நெடும்பயணம் போவதற்கென்றே செய்த புது பைக்கை ஆளுக்கொன்றாக ஒரே நாளில் வாங்கினார்கள். ஆனால், மூத்தவரின் வண்டி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சக்கரமெல்லாம் செம்மண் அப்பிக்கொண்டு தெருவில் நின்றது.

"வண்டி எப்படி ஓடுது, சகலை?" வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு இளையவன் கேட்டான்.

"மலையில ஏறினாலும் சோபாவுல உக்காந்த மாதிரி இருக்கு. உங்க வண்டி என்ன, கடையில வச்ச பொம்மை மாதிரியே மினுக்குது? பூட்டி வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கீங்களா?"

இளையவனின் முகம் சுண்டிப்போயிற்று. ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத வண்டியை அவன் எங்கே ஓட்டுவது? சகலையும் அவன் உயரம்தான். அந்த மனுஷன் மட்டும் எப்படிப் பறக்கிறார்?

அடுத்த ஞாயிறு காலை மொட்டைமாடிக்குப் போனான். இரண்டு கை மண்ணைக் குழைத்துச் சக்கரத்தில் பூசிவிட்டால் மானம் தப்பும். மனைவியின் ரோஜாத் தொட்டிச் செம்மண்ணில் கையை விட்டான்.

"ஐயையோ, நீங்களுமா?" பின்னாலிருந்து மனைவி கத்தினாள். "செடிக்கு வேரே வெளிய தெரியுது!"

"நானுமான்னா? வேற யாரு?"

"அக்காதான் வாராவாரம் ஒரு பை அள்ளிட்டுப் போறா. அத்தானுக்கும் கால் எட்டலையாம்."